செயலாளரின் முன்பல்

இன்சூரன்ஸ் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் செயலாளர் முதலில் தண்ணீர் கேட்பார். ஒரு வாய் குடித்துவிட்டு, நாற்காலியை மேலாளருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு பேசத் தொடங்குவார். அவருக்கு மேல்வரிசையில் நட்டநடுப் பல் இல்லை. மேலாளர், எச்சில் தெறித்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும்வரை பொறுத்திருந்து, "இப்பச் சொல்லுங்க சார், முன்பல்லு அழகுக்கா, அவசியத்துக்கா?" என்பார்.

பல் மருத்துவர் சங்கத்தில் இன்சூரன்ஸ் விவகாரங்களுக்கு அவர்தான் செயலாளர். ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டுகிறவர். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'பொக்கைச் செயலாளர்' என்று பெயர். அது தெரிந்த நாளிலிருந்து போனை எடுத்தாலே, "பொக்கை பேசறேன்" என்கிறார்.

முன்பல் கட்டுவது வெறும் அழகுக்குத்தான், அதனால் பணம் கிடையாது என்பது கம்பெனி விதி. அவரிடம் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் பள்ளி ஆசிரியை ஒருவர், பல் போனதிலிருந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டே பாடம் நடத்துகிறார். அந்த ஆசிரியைக்காக வாதாடப் போன செயலாளர் தோற்று, ஆத்திரத்தோடு இறங்கும்போது கம்பெனி வாசற்படியிலேயே விழுந்து தன் பல்லையும் உடைத்துக்கொண்டார். அவரும் விண்ணப்பித்தார். 'அழகு' என்று அவருக்கும் கையை விரித்துவிட்டார்கள். அன்றைக்கு மனிதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"சாட்சி கிடைச்சிடுச்சு டாக்டர். அந்த டீச்சருக்குக் கொடுக்கற வரைக்கும் இந்த ஓட்டை இப்படியேதான் இருக்கும். பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. எனக்கு இப்பத்தான் சொல்லே வந்திருக்கு."

நானும் பல் மருத்துவன்தான்; அவருக்கான பல்லை என்றைக்கோ செய்து இழுப்பறையில் வைத்துவிட்டேன். நாளடைவில் அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது.

இதற்குள் அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மனைவி என்னிடம் புலம்பினார்: "மாப்பிள்ளை வீட்டுல இவரு பல் டாக்டருன்னு சொல்லியிருக்கோம் தம்பி. சம்பந்தியம்மா இவரை ஒரு தடவை பார்த்துட்டு, 'நிஜமாவா?'ன்னு கேட்கறாங்க. போட்டோவுல இந்த வாயோட நின்னா எம்பொண்ணு மானம் என்னாகறது?"

கல்யாணத்துக்கு முந்தின வாரம், கணவரைக் கையோடு இழுத்துக்கொண்டு என் கிளினிக்குக்கே வந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கம்பெனியிலிருந்து போன். செயலாளர் ஸ்பீக்கரில் போட்டார்.

"உங்க பல்லுக்கு விசேஷ அனுமதி கொடுத்துட்டோம் சார்."

"டீச்சருக்கு?"

"உங்களுக்கு மட்டும் சார். அவங்களுக்கு விதி விதிதான்."

முதல் வரியோடு மனைவியின் காது அடைத்துவிட்டது. அவரை நாற்காலியில் தள்ளி, கழுத்தில் துண்டையும் கட்டிவிட்டார். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். இழுப்பறையைத் திறந்து பல்லை எடுத்தேன்.

"ஆ காட்டுங்க" என்றேன்.

காலமெல்லாம் அதையே ஊராரிடம் சொல்லி வந்த மனிதர் மருந்துக் கரண்டியைக் கண்ட குழந்தை மாதிரி உதட்டை இறுக்கினார். "என்னங்க இது, வாயைத் திறங்க" என்று மனைவி அவர் மூக்கைப் பிடித்தார். முகம் சிவந்தது. மூச்சுக்குத் திணறினார். உதடு பிரியப்போகும் சமயத்தில் வலது கையைத் தூக்கி, வகுப்பில் அந்த ஆசிரியை செய்வது போலவே வாயைப் பொத்திக்கொண்டார்.