ஜெனவீவ் சுற்றிப் போட்ட மிளகாய்

லூனாஸ் ஊர்ப் பக்கம் யாருக்காவது கண்பட்டுவிட்டதென்றால் முதலில் ஜெனவீவ் வீட்டுக்குத்தான் வருவார்கள். இந்துவா கிறிஸ்தவரா என்ற பேச்சே கிடையாது. சோறு இறங்காத பிள்ளை, காரணமில்லாமல் முறைத்துக்கொண்டு திரியும் மாப்பிள்ளை, புதுக் காடி வாங்கி மறுநாளே அந்தக் காரை ரோட்டில் முட்டிக்கொண்ட மகராசன் எல்லோருக்கும் அவள் கைதான் கை. இத்தனைக்கும் அவள் சாமியாடியும் அல்ல, மந்திரவாதியும் அல்ல. கூலிம் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணிநேர ஷிப்டு பார்ப்பவள். நாள் முழுக்கப் பூதக்கண்ணாடி வழியாகப் பழுதான பாகத்தைப் பொறுக்கி எடுப்பது வேலை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்தால்தான் மிளகாயைத் தொடுவாள்.

யாரிடம் கற்றாய் என்று கேட்டால், "யாரும் சொல்லித் தரல லா, நானே கோத்ததுதான்" என்பாள். அது உண்மை. மகள் ஜானிஸ் கைக்குழந்தையாக இருந்தபோது ரப்பர் தோட்டத்தில் குடியிருந்தார்கள். ஒருநாள் பிள்ளை காலையிலிருந்து வீறிட்டு அழுதது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் மருந்து கொடுத்தும் அடங்கவில்லை. ஜெனவீவுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கண்டது கேட்டது அத்தனையையும் கூட்டிச் சேர்த்தாள். முனியாண்டி கோயில் பூசாரி எடுப்பதுபோல ஏழு காய்ந்த மிளகாய், கல்லுப்பு, முச்சந்தி மண். அடுத்த வீட்டு மலாய்க்காரம்மா பிள்ளைகளைக் குளிப்பாட்டும் லிமாவ் பூருட் எலுமிச்சை. வாயில் மாதா கோயிலில் சொல்லும் 'அருள் நிறைந்த' மந்திரம் மூன்று தரம். பிள்ளை தூங்கிவிட்டது. அழுது களைத்துத்தான் தூங்கியதோ என்னவோ, யார் கண்டது? அன்று கைக்கு வந்ததுதான் இருபத்தெட்டு வருஷமாக அவளுடைய முறை.

புதிதாக வந்த ஃபாதர் ஒருவர் ஒருமுறை நிறுத்திக் கேட்டார்: "மந்திரமெல்லாம் செய்யறீங்களாமே?"

"ஆமா ஃபாதர். நீங்க சொல்ற அதே மந்திரந்தான்" என்றாள். 

அவளுக்கு இதில் ஒரே ஒரு சட்டம். சுற்றிய மிளகாயை மைலோ டின்னில் கனலும் கரியில் போடுவாள். நெடி ஏறி இருமல் வந்தால் கண்ணேறு இல்லை, உடம்புக்குத்தான் ஏதோ என்று அர்த்தம். மிளகாய் கருகியும் நெடியே வராவிட்டால் கண்ணேறு. வந்ததை வந்ததென்றும் வராததை வரவில்லையென்றும் சொல்வாள். ஒரு சொல் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. ஊர் அவளை நம்பியதும் அதனால்தான்.

அவள் புருஷன் எர்னஸ்ட் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். போன வருஷம் பழைய வேனைத் தள்ளிவிட்டுப் புது வேன் எடுத்தார். ஃபாதரை வைத்து மந்திரித்து, கோயில் வாசலிலேயே நிறுத்தி ஊரைக் கூட்டிக் காட்டினார். மனுஷனுக்குப் பெருமை கொஞ்சமா நஞ்சமா! அடுத்த ஞாயிறு காலை பதினோரு மணிக்கு வேனைக் கழுவிக்கொண்டிருந்தவர் உள்ளே வந்து நாற்காலியில் சரிந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

"நெஞ்ச அடைக்குது ஜெனி. அத்தன பேரு பாத்தானுங்கல்ல, கண்ணு பட்டிருச்சு. சுத்திப் போடு."

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போலாங்க."

"ஊருக்கெல்லாம் சுத்துற, எனக்குச் சுத்த மாட்டியா? மொளகா சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம் லா."

எர்னஸ்டின் பிடிவாதம் ஊரறிந்தது. பேசிப் பிரயோசனமில்லை என்று கரியை மூட்டினாள். வலம் மூன்று, இடம் மூன்று. மிளகாயைக் கரியில் கொட்டினாள். ஏழும் கருகின. புகை எழும்பி முகத்தில் அடித்தது. நெடி துளிகூட இல்லை.

"பாத்தியா!" என்றார் எர்னஸ்ட். அந்த வலியிலும் ஒரு சிரிப்பு. "கண்ணுதான். கொஞ்சம் படுத்தா சரியாப் போயிரும்." இடது கையைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

அவள் நம்பிக்கைப்படி அது கண்ணேறுதான். அதில் அவளுக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் நெஞ்சு வலி இடது கைக்கு இறங்கினால் மாரடைப்பாக இருக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"இருங்க, உப்பு கம்மி" என்று குசினிக்குள் போனாள். மிளகாய்த்தூள் டப்பாவில் கைவிட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு வந்து கரியில் போட்டாள். வீடே இருமியது. எர்னஸ்ட் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"இப்பத்தான் நெடி வருது. கண்ணு இல்ல. உடம்புதான். எந்திரிங்க!"

மிளகாய் சொன்ன பிறகு அவர் எழுந்துவிட்டார். அடுத்த வீட்டுப் புவனேசன் காடியில் ஏற்றிக்கொண்டு போனார். மாரடைப்பு. இன்னும் ஒரு மணிநேரம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டர்.

பிழைத்து வந்தவர் சும்மா இருந்தாரா? கோயில், பாசார் சந்தை, சாப்பாட்டுக் கடை என்று போகிற இடமெல்லாம் "என் பொண்டாட்டி மொளகாயிலயே ஸ்கேன் எடுத்திட்டா" என்று தம்பட்டம் அடித்தார். ஜெனவீவ் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது மாதம் பாக்கார் ஆராங்கிலிருந்து யோகேஸ்வரி என்ற பெண் போன் போட்டாள். அப்பாவுக்குக் காலையிலிருந்து நெஞ்சு வலியாம். "கூட்டிட்டு வரோம் அக்கா. ஹார்ட்டா கண்ணான்னு மொளகா போட்டுச் சொல்லுங்க. அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"அடிப்பாவி, இங்க வராத! நேரா ஆஸ்பத்திரிக்குப் போ! இப்பவே போ!" ஜெனவீவ் போட்ட கத்தலில் தெருநாய் எழுந்து ஓடியது. போனை வைத்தாள். நேரே எர்னஸ்ட் முன்னால் போய் நின்றாள்.

"அன்னிக்கு நெடி வரலங்க. நான்தான் தூள அள்ளிப் போட்டேன்."

எர்னஸ்ட் டிவியை அணைத்தார். "ஊருக்கெல்லாம் உண்மை. கட்டுன புருஷனுக்கு மட்டும் பொய்யா?"

"ஆமா, பொய்தான்! ஊருல ஒருத்தர் செத்தா அழுதுட்டு வேலைக்குப் போயிருவேன். நீங்க செத்தா நான் எங்கங்க போவேன்?" சொல்லும்போதே உடைந்து அழுதாள்.

எர்னஸ்ட் அவளுடைய போனை எடுத்து அந்த யோகேஸ்வரியைக் கூப்பிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள் என்பதை உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு நாற்காலியை நடு வீட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப என் மேல பட்ட கண்ணு இன்னும் கழியல."

"கழியல."

"சுத்திப் போடு."

ஜெனவீவ் முந்தானையில் முகத்தைத் துடைத்தாள். "மொதல்ல மாத்திரைய முழுங்குங்க. நான் கண்ணால பாக்கணும்."

எர்னஸ்ட் முழுங்கிவிட்டு, வாயைத் திறந்து காட்டினார்.