கடைசி ஆளாய் நடக்கும் பராசக்தி

வண்ணார்பண்ணையில் விடியற்காலையில் பெண்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாகப் பண்ணைக் கடற்கரைப் பக்கம் நடந்து போவதைக் கண்டவர்கள், முன்னுக்கு வருகிறவரைத்தான் தலைவி என்று நினைப்பார்கள். அது பிழை. எல்லாருக்கும் கடைசியில், கையில் ஒரு பூவரசந்தடியோடு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வருகிறாளே, அவள்தான் கூட்டிக்கொண்டு போகிறவள். பெயர் பராசக்தி. பிறந்த ஊர் தொண்டைமானாறு. கலியாணம் முடித்துப் பட்டினத்துக்கு வந்தவள். புருஷன் காலமான பிறகு கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்து மகளைப் படிப்பித்தவள். தலைவி என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கூச்சம் வந்துவிடும்.

"என்னை ஆர் தலைவியாக்கினது? நாய்தான் ஆக்கினது" என்பாள்.

அது உண்மைதான். சீனி வருத்தத்துக்குக் கட்டாயம் நடக்கவேண்டும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். முதல் நாள் தனியே நடந்தவளைத் தெருநாய்கள் துரத்த, "முருகா, முருகா" என்று கத்திக்கொண்டு முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் படலைக்குள் பாய்ந்தாள். உள்ளே ஏற்கெனவே ஒருத்தி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"வாங்கோ அக்கா, நானும் உதுகளுக்குப் பயந்துதான் நிக்கிறன். இது என்ரை வீடில்லை" என்றாள் அவள். அதுதான் ஸ்ரெல்லா. இருவரும் சேர்ந்து வெளியே வந்தபோது நாய்கள் திரும்பியும் பார்க்கவில்லை. பிறகு அவர்களைப் பார்த்து மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள்.

பராசக்தி சட்டம் என்று ஒன்றும் போடவில்லை. ஒவ்வொரு பயத்துக்கும் ஒவ்வொரு பழக்கம் தானாக வந்தது. மோட்டார் சைக்கிளில் வந்து சங்கிலி அறுக்கிறவர்களுக்குப் பயந்து சங்கிலியை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்கள். சந்தியில் ஒருத்தர் ஓட ஒருத்தர் நிற்க, ஒரு நாள் வேகமாய் வந்த வான் ஒன்று சேலைத் தலைப்பை உரசிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு பராசக்தி இரண்டு பக்கமும் பார்த்து "முருகா" என்றால்தான் எல்லாரும் ஒன்றாகக் கடப்பார்கள். வேதக்காரியான ஸ்ரெல்லாவும் அந்த "முருகா"வுக்குக் காத்திருந்து, சிலுவை போட்டுக்கொண்டு கடப்பாள். மெல்ல நடக்கிறவர் முன்னுக்கு. அவரை யாரும் தாண்டக் கூடாது. பராசக்தி கடைசியில். முன்னுக்குப் போனால் பின்னுக்கு விழுந்தவளை எப்படித் தெரியும் என்பது அவள் நியாயம்.

சோனகத் தெருவிலிருந்து சுபைதா அக்கா வந்து சேர்ந்தபின் அவர்தான் முன்னுக்கு. தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லாரோடும் ஊரை விட்டுப் போகவேண்டி வந்து, புத்தளத்தில் கனகாலம் இருந்துவிட்டுத் திரும்பிய குடும்பம். மகன் நஸீர் இரும்புக் கடை வைத்திருக்கிறான். முதல் நாள் தாயைக் கொண்டுவந்து விட்டவன் அவனே.

"அன்ரி, உம்மா ஒருக்கா றோட்டிலை தலை சுத்தி விழுந்தவ. உங்களை நம்பித்தான் விடுறன்."

"கடவுள் காப்பார் தம்பி."

"அவன் காப்பான். நீங்களும் ஒரு கண் வைச்சிருங்கோ."

அந்தச் சொல்லைப் பராசக்தி நேர்த்திக்கடன் மாதிரி எடுத்துக்கொண்டாள். சுபைதா அக்காவும் அந்த நடையை விட்டால் வேறு வாசல் இல்லாதவர் போல, மழை தூறினாலும் வந்து நின்றார். வீட்டுக்குள் இருந்து இருந்து கால் மட்டுமல்ல, வாயும் மரத்துப்போனதாம்.

ஒரு நாள் விடியற்காலை, 'ஐந்து சந்தி' என்கிற இடத்தில் சுபைதா அக்கா ஓரமாக விலகி நின்று மற்றவர்களைப் போக விட்டார். பராசக்தி கிட்ட வந்ததும், "தங்கச்சி, நான் இதாலை ஒருக்காப் போட்டு வாறன்" என்று ஒழுங்கைப் பக்கம் கையைக் காட்டினார்.

"எங்கை" என்ற சொல் பராசக்தியின் தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டாள். வெளிக்கிட்டுப் போகிற ஆளை எங்கே என்று கேட்கலாமா? கேட்டால் போகிற காரியம் சரிவராது. கேட்கப்பட்டவர் திரும்பி வந்து, கொஞ்சம் இருந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிடவேண்டும். அவள் வளர்ந்த வீட்டில் அப்படித்தான். ஆகவே எல்லாரும் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

"தூரவோ?"

"இல்லையடி, கிட்டத்தான்."

அவர் ஒழுங்கைக்குள் திரும்பி மறைந்தார். பராசக்தி சந்தியிலேயே நின்றாள். கடைசி ஆள் ஒருவரை விட்டுவிட்டுப் போக ஏலாது. முன்னே போனவர்கள், பின்னே ஆளில்லை என்று கண்டு திரும்பி வந்தார்கள். நின்றார்கள். வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. சுபைதா அக்கா வரவில்லை.

"எங்கையெண்டு சொன்னவ?" என்று கேட்டாள் கீர்த்திகா. வங்கியில் வேலை செய்கிற பிள்ளை. கால் விறுவிறென்று போகும்.

"கிட்டத்தானெண்டு சொன்னவ."

"கிட்ட எண்டால் எங்கை அன்ரி?"

"அதை எப்பிடிப் பிள்ளை கேக்கிறது?"

ஸ்ரெல்லா ஒழுங்கைக்குள் கொஞ்சத் தூரம் போய்ப் பார்த்தாள். அங்கே அது இன்னும் மூன்றாகப் பிரிகிறது என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்தாள். யாரோ தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருப்பார் என்றாள் ஒருத்தி. விழுந்து கிடக்கிறாரோ என்றாள் இன்னொருத்தி. பராசக்திக்குத் தலைக்குள் எல்லாம் குழம்பிப் போனது. ஒழுங்கைக்குள் தான் போய்த் தேடினால் மற்றவர்கள் நடுச் சந்தியில் தனியே. மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போனால் சுபைதா அக்கா திரும்பி வந்து வெறுஞ்சந்தியைப் பார்ப்பார். நஸீருக்குச் சொன்னால் அவன் இனித் தாயை விடமாட்டான். சொல்லாமல் விட்டு ஏதும் நடந்துவிட்டால்? கண்ணை மூடினாள். முருகனிடம் என்ன கேட்பதென்றும் தெரியவில்லை. "முருகா" என்று மட்டும் வாய்விட்டுச் சொன்னாள். பழக்க தோஷத்தில் இரண்டு பேர் றோட்டைக் கடந்துவிட்டார்கள்.

"ஐயோ, இப்ப கடக்கச் சொல்லேல்லையடி! வாங்கோ இஞ்சாலை!"

கடைசியில் கீர்த்திகாவின் போனில்தான் நஸீரைக் கூப்பிட்டார்கள். தாய் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். நஸீர் மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தான். கட்டின சாரத்தோடு வந்தவன், கோபத்தை அடக்கிக்கொண்டு கேட்டான்.

"அன்ரி, போகேக்கை எங்கையெண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

பராசக்தி ஒழுங்கைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம், நாவாந்துறைப் பக்கமிருந்து மீன் பெட்டியோடு சைக்கிளில் வந்த கிறகோரி என்ற வியாபாரி அவர்களைக் கண்டு பிரேக் பிடித்தான்.

"நீங்கள்தானோ அந்தப் பெண்டுகள் கூட்டம்? பண்ணைக் கடற்கரைக் கல்லுக்கட்டிலை ஒரு உம்மா இருந்துகொண்டு, போறவாற எல்லாரையும் மறிச்சு, 'எங்கடை ஆக்களைக் கண்டனீங்களோ, எங்கையேனும் அடிபட்டுப் போச்சினமோ' எண்டு அழாக்குறையாக் கேக்கிறா."

எல்லாரும் ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். நஸீர் முன்னால் போய்விட்டான். சுபைதா அக்கா கடற்கரைக் கல்லுக்கட்டின் மேல் இருந்தார். இவர்களைக் கண்டதும் அவர்தான் முதலில் ஏசினார்.

"எவ்வளவு நேரமடி நான் இஞ்சை காத்துக்கொண்டு இருக்கிறது? உங்களுக்கு என்ன நடந்துதோ எண்டு என்ரை நெஞ்சு பதறிப் போச்சு!"

"நாங்கள் உங்களுக்காகச் சந்தியிலை நிண்டனாங்கள் அக்கா!"

"எனக்காகவோ? என்ரை ஆமை நடையாலை கீர்த்திகாப் பிள்ளைக்கு வேலைக்குப் பிந்துது. குறுக்கு ஒழுங்கையாலை வந்து முன்னுக்கு இருந்தால் நீங்கள் உங்கடை நடையிலை வருவியள் எண்டு நினைச்சன்."

கீர்த்திகாவின் முகம் சுருங்கியது. "நான் ஒண்டும் சொல்லேல்லையே" என்று முணுமுணுத்தாள்.

"வாய் சொல்லேல்லை. குதிக்கால் சொல்லிச்சுது. பின்னாலை என்ரை குதியை மிதிச்சுக்கொண்டெல்லோ வந்தனி."

ஸ்ரெல்லாவுக்குச் சிரிப்பு வந்தது. நஸீருக்கு வரவில்லை.

"சரி உம்மா, ஏறுங்கோ. நடந்தது போதும். இனி வீட்டு முற்றத்திலை நடக்கலாம்."

சுபைதா அக்கா மகனின் முகத்தைப் பார்த்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஸ்ரெல்லாவின் தோளைப் பிடித்து மெல்ல ஏறி இருந்தார். "அப்ப நான் வாறன்" என்றார், பராசக்தியைப் பாராமல். நஸீர் வண்டியை உதைத்தான்.

பராசக்திக்கு என்ன நினைப்பு வந்ததென்று அவளுக்கே தெரியாது. இந்த ஒரு நாளிலேயே இரண்டு தடவை இவரைக் கேளாமல் போக விடுவதோ என்று மட்டும் தோன்றியது. வாய் தானாகத் திறந்தது.

"எங்கை போறியள்?"

எல்லாரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். ஸ்ரெல்லா கையால் வாயைப் பொத்தினாள். வண்டியில் இருந்த சுபைதா அக்கா மகனின் முதுகில் தட்டினார்.

"நிப்பாட்டு மகன். கேட்டுப்போட்டா."

"உம்மா! உதெல்லாம் எங்கடை மார்க்கத்திலை இல்லை."

"மார்க்கத்திலை இல்லைத்தான். ஆனா உன்ரை வாப்பா ஒருநாளும் கேட்ட பிறகு வெளிக்கிட்டவரில்லை." அவர் இறங்கிவிட்டார். கட்டின் மேல் போய் இருந்து கையை நீட்டினார். "ஆரிட்டையாவது தண்ணி இருக்கோ?"

கீர்த்திகா தன் போத்தலைத் திறந்து கொடுத்தாள். சுபைதா அக்கா அவசரமில்லாமல் குடித்தார்.

"அப்ப நான் என்ன செய்யிறது?" என்றான் நஸீர்.

"நீ போய்க் கடையைத் திற. நான் இவையளோடை நடந்து வாறன். நாளைக்கும் வருவன்."

நஸீர் பராசக்தியின் பக்கம் திரும்பினான்.

"அன்ரி, உண்மையைச் சொல்லுங்கோ. தெரிஞ்சோ கேட்டனீங்கள், தெரியாமலோ?"

"எனக்கு விளங்கேல்லைத் தம்பி" என்றாள் பராசக்தி. கண் கலங்கியிருந்தது.

அவன் தாயை ஒரு தடவை பார்த்தான். பிறகு, "நாளைக்கும் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அது கோபத்தில் சொன்னதா, சம்மதம் சொன்னதா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் பராசக்தி முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நடந்தாள். கேட்கக் கூடாததைக் கேட்டதற்கா, முதலிலேயே கேளாமல் விட்டதற்கா என்று அவளுக்குத் தெரியவில்லை. எது பொருந்துமோ முருகன் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.