நாலு வயதென்று சொல்லச் சொன்னேன்

மூத்தவள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த கடிதத்தை மேசையில் வைத்த கையோடு, "நான் போகேல்லை அம்மா. எனக்கு விருப்பமில்லை" என்றாள். அவளுடைய வகுப்புப் பிள்ளைகளைப் பனிச்சறுக்கு விளையாட ஒஸ்திரியாவுக்குக் கூட்டிப்போவது பற்றிய கடிதம் அது. பதின்மூன்று வயதுப் பிள்ளை, காசில்லை என்று நாங்கள் மறுக்க வேண்டிய சங்கடம் வரக்கூடாதென்று தானே மறுத்துக்கொண்டாள். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. யோசிக்காமலே, "நாங்கள் எல்லாரும் குடும்பமாப் போவம்" என்று சொல்லிவிட்டேன்.

சொன்னதைச் செய்ய வேண்டுமே. என் கணவர் டெலிவரி வான் ஓட்டுகிறார். அவரோடு வேலை செய்யும் போலந்துக்காரர் ஒருவர் பிரான்சில் ஒரு சின்ன மலைக்கிராமத்தைச் சொன்னார். புதுவருடம் கழிந்த கையோடு, பள்ளிக்கூடம் தொடங்க முன் போனால் அங்கே எல்லாம் மலிவாம். நாங்கள் இருக்கும் குட்மேய்ஸில், எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு குடும்பத்திடம் பிள்ளைகளுக்கு ஜாக்கெட் இரவல் வாங்கினோம். எனக்குப் பழைய உடுப்புகள் விற்கும் சரிட்டிக் கடையில் ஊதா நிறத்தில் ஒன்று கிடைத்தது. கணவர் மழைநாளில் டெலிவரிக்குப் போடும் காற்சட்டையையே எடுத்துவந்தார். ரைஸ் குக்கரையும் மிளகாய்த்தூளையும் காரில் ஏற்றி, டோவரில் கப்பல் பிடித்து, ஒரு பகல் முழுக்க ஓடிப் போய்ச் சேர்ந்தோம்.

மறுநாள் காலை பனி வெயிலில் கண் கூசியது. கணவருடைய காற்சட்டையில் ஒளிரும் பட்டிகள் இருந்தன. ஒரு பெண் அவரை அங்கே வேலை செய்பவர் என்று நினைத்துக் கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே கையைக் காட்டினார். நான் வேறு யாரோடோ வந்தவள்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அன்று காலை எனக்கு வெட்கம் என்றால் அதுதான்.

அவர் சறுக்குச் சப்பாத்தும் பலகையும் வாடகைக்கு எடுக்கப் போக, நான் பிள்ளைகளோடு, மலையில் ஏற்றிவிடும் லிஃப்டுக்குப் பாஸ் வாங்கும் வரிசையில் நின்றேன். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம் என்று ஒரு அறிவிப்பு. சின்னவளுக்கு ஆறு வயது. ஆனால் உருவம் சின்னது. வரிசை நகர நகர அந்த அறிவிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு குனிந்து அவளுடைய காதில் சொன்னேன்.

"ஆராவது கேட்டால் நாலு வயசு எண்டு சொல்லுங்கோ."

"எனக்கு ஆறு."

"இஞ்ச மட்டும் நாலு."

மூத்தவளுக்குக் கேட்டுவிட்டது. "சீரியஸ்லி, அம்மா?" என்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் பாஸ்போர்ட் கேட்டாள். அறையில் விட்டுவிட்டேன் என்றேன். அது கைப்பைக்குள் இருந்தது. அவள் எட்டிப் பார்த்துச் சின்னவளிடமே வயதைக் கேட்டாள். சின்னவள் வாயைத் திறக்காமல் நாலு விரலைக் காட்டினாள். அந்தப் பெண் சிரித்து, இரண்டு நாள் பாஸோடு ஒரு இனிப்பும் கொடுத்தாள். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம்கூட வந்தது.

மத்தியானம் இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் கடித்த பாணைத் திரும்பத் தாளில் சுற்றினார்.

"ஏன் பிள்ளையைப் பொய் சொல்ல வைச்சனீர்?"

"எல்லாரும் செய்யிறதுதானே."

"எல்லாரும் செய்யினமோ இல்லையோ, நாங்கள் செய்ததில்லை."

அன்று பின்னேரம் அவரும் மூத்தவளும் ஸ்னோபோர்டில் மாறி மாறி விழுந்து, ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்ததை நான் படமெடுத்தேன். சின்னவளையும் எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். குளிராக்கும் என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள், பழகுகிறவர்களுக்கான சரிவில் சின்னவள் என்னை விட்டுத் தனியாக வழுக்கிப் போனாள். கீழே போய் நிற்கத் தெரியாமல் வலைவேலியில் மோதி, ஒரு கால் மடங்க விழுந்தாள். நான் போய்ச் சேருமுன், அங்கே காவல் வேலை செய்யும் சிவப்பு ஜாக்கெட் போட்ட ஒருவர் அவளைத் தூக்கியிருந்தார். படுக்கைபோன்ற ஒரு வண்டியில் கட்டி, பனியில் இழுத்துக்கொண்டுபோய், அடிவாரத்தில் இருந்த டொக்டரின் கிளினிக்கில் சேர்த்தார். கணவர் மேல் சரிவில் நின்றார், மூத்தவள்தான் பலகையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

முழங்கால் வீங்கியிருந்தது. சின்னவள் விக்கி விக்கி அழுதாள். தாதி வலிக்கு மருந்து கொடுக்கச் சிரப் போத்தலை எடுத்துக்கொண்டு, ஆங்கிலத்தில் வயதைக் கேட்டாள்.

சின்னவள் என்னைப் பார்த்தாள். பிறகு நாலு விரலைத் தூக்கினாள்.

தாதி அவளுடைய வாயைப் பார்த்தாள். அழுகையில் திறந்திருந்த வாயில் முன்பற்கள் இரண்டும் இல்லை. நாலு வயதில் யாருக்குப் பல் விழுகிறது? தாதி திரும்பவும், மெதுவாக, அதே கேள்வியைக் கேட்டாள்.

"நாலு," என்றாள் சின்னவள். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "நாலுதானே அம்மா?"

நான் இல்ஃபோர்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறேன். பிள்ளைகளின் மருந்தைக் கையில் கொடுக்க முன், வயதென்ன என்று ஒரு நாளில் எத்தனையோ தாய்மாரைக் கேட்கிறவள். ஏன் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? அப்படியிருந்தும் நான் உடனே வாய் திறக்கவில்லை. அந்தச் சிவப்பு ஜாக்கெட்காரர் இன்னும் வாசலில் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவர் போய் பாஸ் கொடுத்த பெண்ணிடம் சொல்லிவிடுவாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். என் பிள்ளை வலியில் துடிக்கையில் நான் நினைத்தது அதைத்தான்.

"அவளுக்கு ஆறு வயது," என்று மூத்தவள் ஆங்கிலத்தில் உரத்துச் சொன்னாள். "நாலு என்று சொல்லச் சொன்னது என் அம்மா."

தாதி என்னை ஒரு தரம் பார்த்தாள். தாளில் எழுதியதை வெட்டி ஆறு என்று எழுதி, மருந்தை அளந்தாள்.

எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்றார் டொக்டர். கட்டுப் போட்ட பிறகு சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியமாகக் கேட்டாள்.

"அந்த ஆன்ட்டி பொலிசுக்குச் சொல்லுவாவா?"

"எந்த ஆன்ட்டி?"

"பாஸ் தந்த ஆன்ட்டி. நான் பல்லைக் காட்டவே இல்லை அம்மா. நாலு வயசுப் பிள்ளைக்குப் பல் இருக்கும்தானே. நேற்று முழுக்க வாயை மூடிக்கொண்டுதான் இருந்தனான்."

எனக்கு அழுகை வந்தது. ஆனால் அவளுக்கு முன்னால் அழுதால் அவள்தான் என்னைத் தேற்றப் பார்ப்பாள். அதற்கும் எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

அடுத்த நாள் காலை பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கண்ணாடிக்கு முன்னால் போனேன். கணவர் தானும் வருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன். அதே பெண். பொய் சொல்லிப் பாஸ் வாங்கினேன், இப்போது கட்டணம் கட்ட வந்திருக்கிறேன் என்றேன். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. மேலாளரைக் கூப்பிட வேண்டும், ஓரமாக நில்லுங்கள் என்றாள். நான் அந்த ஊதா ஜாக்கெட்டோடு ஓரமாக நின்றேன். வரிசையில் போனவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். சிறிது நேரத்தில் மூத்தவள் வந்தாள். பலகையை நிலத்தில் ஊன்றிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் போகவும் இல்லை.

மேலாளர் வந்து தண்டத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டார். விபத்து நடந்தால் எங்களிடம் சரியான விபரம் இருக்க வேண்டும் அம்மா என்று மட்டும் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அந்தக் கடைசி நாளுக்கு நான் எனக்குப் பாஸ் வாங்கவில்லை. சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்து, மூத்தவள் விழாமல் கீழே வந்து சேருவதைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது, பிரான்சின் நெடுஞ்சாலையில் எங்கேயோ வைத்து, "நான் செய்தது பிழை பிள்ளை" என்று மூத்தவளிடம் சொன்னேன்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "எனக்கில்லை அம்மா. தங்கச்சிக்குச் சொல்லுங்கோ."

சொன்னேன். சின்னவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓகே. ஆனா இனி என்னைக் கேக்காதேங்கோ" என்றாள்.

சில கிழமைகள் கழித்து மோர்டனில் சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாள். குசினியில் நாலைந்து பெண்கள் நின்றோம். பனிச்சறுக்குப் போன கதையைக் கேட்டார்கள். கணவரின் காற்சட்டைக் கதையைச் சொன்னேன், எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரின் மச்சாள் ஒருத்தி, "சின்னவளுக்கும் டிக்கெட் எடுத்தனீங்களே? ஆள் சின்னன்தானே, நாலெண்டு சொல்லியிருக்கலாமே" என்றாள். பேச்சுவாக்கில்தான் சொன்னாள். சின்னவள் என் பக்கத்தில் நின்று கேக் தின்றுகொண்டிருந்தாள். தின்பதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஓம், சொன்னனான்," என்றேன். "பிள்ளையையும் சொல்ல வைச்சனான்." பிறகு நடந்தது முழுவதையும், தாதி வயதைக் கேட்டபோது நான் பேசாமல் நின்றதையும் சேர்த்துச் சொன்னேன்.

யாரும் சிரிக்கவில்லை. மச்சாள் குழாயைத் திறந்து தட்டுகளைக் கழுவத் தொடங்கினாள். இன்னொருத்தி, தேத்தண்ணி போடட்டுமா என்று பொதுவாகக் கேட்டாள். என் முகம் சுட்டது. சின்னவள் மிச்சக் கேக்கை வாயில் போட்டுக்கொண்டு, மற்றப் பிள்ளைகள் விளையாடிய அறைக்கு ஓடினாள்.