பாங்காக்கில் ஒரு கொசுறு

ஈஸ்வரி தெருமுனையில் திரும்புவது தெரிந்தால் திருத்துறைப்பூண்டி கடைவீதியில் சில ஜவுளிக்கடைக்காரர்கள் சாப்பிடப் போய்விடுவார்கள். மணி பத்தரைதான் ஆகியிருக்கும், இருந்தாலும் பசித்துவிடும். மிச்சம் இருப்பவர்கள் அவள் வந்து உட்காருவதற்குள் எல்லா விலையையும் மனசுக்குள் இரட்டிப்பாக்கிக்கொள்வார்கள். அப்படி இரட்டிப்பாக்குவார்கள் என்பது அவளுக்கும் தெரியும் என்பதால் நாலில் ஒரு பங்கு கேட்பாள். இரு தரப்பும் இப்படி ஒருவரையொருவர் நன்றாகப் புரிந்துகொண்டு நியாயமான விலைக்கு வந்து சேர ஒரு முற்பகல் ஆகும். இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தகவல் இல்லை.

விலை படிவது பாதி வேலைதான். மீதி, கொசுறு. கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை என்பது ஊரறிந்த சட்டம். அந்தச் சட்டத்தை மற்ற துறைகளுக்கும் விரிவுபடுத்திய பெருமை ஈஸ்வரியைச் சேரும். வளையலுக்கு ஸ்டிக்கர் பொட்டு, குடத்துக்கு டம்ளர், ரவிக்கைத் துணிக்கு ஊக்கு அட்டை. இதில் அவளுக்கு ஒரு கொள்கையும் உண்டு. கொசுறைக் கேட்டு வாங்கக் கூடாது. கேட்டால் அது பிச்சை. கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தன் கையால் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அவரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும். அவர், 'இந்தம்மா என்னைத் தெருவுல நிறுத்தாம விடாது' என்று தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். அத்துடன் வியாபாரம் முறைப்படி முடிந்தது. தலையில் அடித்துக்கொள்ளாத கடைக்கு அவள் மறுபடி போவதில்லை. ஏமாந்துவிட்டோமோ என்று ராத்திரி தூக்கம் வராது.

இப்பேர்ப்பட்டவளைப் பாங்காக் நகரத்துக்கு அனுப்பிவைத்தது நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி. கணவர் கோவிந்தராசுவுக்கு உரக்கடை. அந்த வருஷம் சம்பாவில் புகையான் கொஞ்சம் தாராளமாக விழுந்ததால் பூச்சிமருந்து விற்பனை டார்கெட்டைத் தாண்டிவிட்டது. கம்பெனிக்காரர்கள் மனம் குளிர்ந்து, டெல்டாவில் டார்கெட் தாண்டிய டீலர்களையெல்லாம் மனைவியோடு பாங்காக்குக்கு அழைத்துப் போனார்கள். பயிர் போன விவசாயிகளை அழைத்துப் போகவில்லை. பஸ்ஸில் இடம் இல்லை போலிருக்கிறது.

ஈஸ்வரி ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அதே டூரில் பூதலூர் டீலரும் அவர் மனைவி விஜயலட்சுமியும் வந்தார்கள். அவர்கள் பையன் மதிவாணன் சென்னையில் இன்ஜினியர். ஈஸ்வரியின் மகள் செம்மொழிக்கும் அவனுக்கும் ஜாதகம் பொருந்தி, பெண் பார்த்தும் முடிந்தாயிற்று. செம்மொழியைக் கேட்டதற்குச் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "நீ பேசி முடிச்சா சரியாத்தாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். பாக்கி இருந்தது ஒப்புதல் ஒன்றுதான். அதை விஜயலட்சுமி கையில் வைத்திருந்தாள். நாலு நாள் கூடவே இருந்து பழகிப் பார்த்துவிட்டு, கடைசி ராத்திரி சாப்பாட்டின்போது சொல்வதாகப் பேச்சு. ஆகவே ஈஸ்வரி விமானத்தில் கொடுத்த முந்திரிப்பருப்பைக்கூட ஒவ்வொன்றாகத்தான் தின்றாள்.

முதல் இரண்டு நாளும் நன்றாகவே போயிற்று. கோவில்களில் விஜயலட்சுமி முன்னால் போக, ஈஸ்வரி ஓரடி பின்னால் போனாள். மூன்றாம் நாள் கைடு ஹாஜா மைதீன் எல்லோரையும் ஒரு பெரிய சந்தையில் இறக்கிவிட்டார். கூத்தாநல்லூர்க்காரர், பாங்காக்குக்கு வந்து நரை கண்டவர். இங்கே தைரியமாகப் பேரம் பேசலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவர் சொல்லக் கேட்டபோது, ஈஸ்வரிக்குக் கர்ப்பக்கிரகத்தில் திரை விலகியது போலிருந்தது.

ஆண்கள் பஸ் நிழலிலேயே தங்கிவிட, பெண்கள் உள்ளே போனார்கள். சந்தை என்றால் சந்தை. நம் ஊர்த் தேர்த்திருவிழாக் கடைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கூரை போட்டது போல் இருந்தது. அதன் நடுவில், யானை பொம்மை தைத்த சின்னச் சுருக்குப்பைகள் குவிந்துகிடந்த ஒரு கடையின் முன்னால் ஈஸ்வரியின் கால்கள் தாமாக நின்றன. நிச்சயதார்த்தத்தில் நெருங்கிய சொந்தத்துக்குத் தாம்பூலப் பையாகக் கொடுத்தால் பூதலூர் வாயடைத்துப் போகும் என்று கணக்குப் போட்டாள். விஜயலட்சுமியும், தனக்கும் ஒரு தோல்பை பேசி வாங்கித் தரும்படி பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். "உங்க கையால பேசுங்க சம்மந்தி" என்றாள். இன்னும் முடியாத சம்பந்தத்துக்கு அவள் வாயிலிருந்து முன்பணமாக விழுந்த சொல் அது. ஈஸ்வரிக்குப் புல்லரித்துவிட்டது.

கடைக்காரி நடுவயதுத் தாய்லாந்துப் பெண். அவளுக்குத் தமிழ் தெரியாது. இவளுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். நடுவில் ஒரு கால்குலேட்டர். அவள் டஜன் அறுநூறு என்று தட்டினாள். இவள் வாங்கி நூற்றைம்பது என்று தட்டினாள். அவள் நெஞ்சில் கை வைத்தாள். இவள் தன் தாலிச்சரட்டைத் தொட்டுக் காட்டினாள். அவள் பிள்ளைகள் இரண்டு என்று விரல் காட்டினாள். இவள் பெண் கல்யாணத்துக்கு நிற்கிறது என்று கழுத்தில் மாலை போட்டுக் காட்டினாள். மொழி என்ற ஒன்று வியாபாரத்துக்கு எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்பது ஈஸ்வரிக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கடைசியில் தோல்பையும் சேர்த்து மலிவு விலைக்குப் படிந்தது. பணம் கை மாறியது. கடைக்காரி களைத்துப்போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பாக்கி ஒன்றுதானே இருந்தது? கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்த யானை கீ செயின் ஒன்றை ஈஸ்வரி தன் கையால் எடுத்து, கடைக்காரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பையில் போட்டுக்கொண்டு, ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

கடைக்காரி தலையில் அடித்துக்கொள்ளவில்லை. ஈஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தாள்.

ஈஸ்வரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் இது பாங்காக்கில் தலையில் அடித்துக்கொள்ளும் முறையாக இருக்கும் என்றுதான் நினைத்தாள். பிடி இறுகியபோதுதான் இல்லை என்று தெரிந்தது. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் கூடினார்கள். யாரோ விசில் ஊதினார்கள். சீருடை போட்ட காவலாளி ஒருவன் வந்து அவள் பையைத் திறந்து, கீ செயினை வெளியே எடுத்து எல்லோருக்கும் தெரியும்படித் தூக்கிக் காட்டினான். வெள்ளைக்காரி ஒருத்தி செல்போனில் படம் பிடித்தாள். இத்தனை வருஷ வாழ்க்கையில் ஈஸ்வரியைக் கஞ்சப்பிசினாரி என்று சொல்லியிருக்கிறார்கள். கடையைச் சுரண்ட வந்தவள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதெல்லாம் பாராட்டு. திருடி என்று சொன்னதில்லை. அது எந்த மொழியில் சொன்னாலும் புரிந்துவிடுகிறது என்பதுதான் அவளுக்குப் பெரிய அதிர்ச்சியாக இருந்தது.

"சம்மந்தி" என்று திரும்பினாள். சம்மந்தி பக்கத்தில் இல்லை. தோல்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நாலு கடை தள்ளி, ஏதோ விசிறிகளை ஆழ்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். விசில் சத்தம் கேட்டு ஓடி வந்த ஹாஜா மைதீன் முதலில் அவளைத்தான் பார்த்தார். என்ன தகராறு, அந்தம்மா உங்களுக்கு வேண்டியவங்கதானே என்று கேட்டார்.

"நம்ம பஸ்ஸுல வந்தவங்கதான்" என்றாள் விஜயலட்சுமி, விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மத்தபடி எனக்கு அவ்வளவா பழக்கம் இல்லீங்க."

கூட்டத்தின் இரைச்சலில் எது காதில் விழாமல் போனாலும் இது ஈஸ்வரியின் காதில் விழுந்தது. மணிக்கட்டு வலித்ததுகூட ஒரு கணம் மறந்துபோயிற்று.

ஹாஜா மைதீன் விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டார். அவரும் டெல்டாக்காரர், கொசுறு அறிந்தவர். ஆனால் கொசுறைத் தாய்லாந்து மொழியில் பெயர்ப்பது லேசான காரியமாக இல்லை. நெடுநேரம் பேசினார். கறிவேப்பிலை கிள்ளுவது போல அபிநயம் எல்லாம் பிடித்தார். கடைக்காரி கேட்டுக்கொண்டே வந்து, கையை விடாமல் ஒரு கேள்வி கேட்டாள்.

"வேற ஒண்ணுமில்லீங்கம்மா" என்றார் ஹாஜா மைதீன். "அதான் விலையை அவ்வளவு குறைச்சுட்டேனே, அதுக்கப்புறம் இது எதுக்குன்னு கேக்குது."

ஈஸ்வரிக்கு அந்தக் கேள்வி அநியாயத்துக்கு நியாயமாக இருந்தது. திருத்துறைப்பூண்டியில் ஒரு கடைக்காரருக்கும் இதைக் கேட்கத் தோன்றாமல் போனதே என்று அங்கேயே நின்று ஆச்சரியப்பட்டாள். பிறகு கை கூப்பினாள். கடைக்காரி பிடியை விட்டாள். காவலாளியைப் போகச் சொன்னாள். கொஞ்சம் யோசித்து, அந்தக் கீ செயினை அவளே எடுத்து நீட்டினாள். ஈஸ்வரி வாங்கிக்கொள்ளவில்லை. கொடுத்து வாங்கினால் அது கொசுறு இல்லையே என்று சொன்னாள். ஹாஜா மைதீன் இதை மொழிபெயர்க்கவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் விஜயலட்சுமி பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்து, பயந்துட்டீங்களா என்று கையைத் தடவிக்கொடுத்தாள். தோல்பை மலிவாகக் கிடைத்ததை மூன்று முறை சொன்னாள். ஈஸ்வரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். பேயறைந்ததாக எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அவள் மனசுக்குள் ஒரு சாமானைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே பட்டு, உள்ளே அட்டை. நாளைக்கு மாமியார் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் செம்மொழி தனியாகத்தான் நிற்பாள்.

கடைசி ராத்திரி வந்தது. ஓட்டலில் இந்தியச் சாப்பாடு. விஜயலட்சுமி தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே, எங்களுக்குச் சம்மதம், உங்க பொண்ணுக்கு நீங்க அறுபது பவுன் போடாமலா அனுப்பப் போறீங்க என்று தேனாகப் பேசினாள். கோவிந்தராசு இலையிலேயே கைகூப்பப் போனார்.

"சந்தையில பழக்கமில்லாம இருந்தவங்க பந்தியில எப்படிங்க சம்மந்தி ஆவீங்க?" என்றாள் ஈஸ்வரி. "இது வேணாங்க."

கோவிந்தராசுவுக்கு அப்பளம் தொண்டையில் நின்றது. பூதலூர் டீலர் மனைவியைப் பார்த்தார். விஜயலட்சுமிக்கு முகம் வெளுத்து, பிறகு மெல்ல நிறம் திரும்பியது. ஈஸ்வரியின் பேரம் பேசும் திறமையைக் கண்ணால் கண்டவள் அவள். இது எந்த ஆட்டம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சரி, ஐம்பது போடுங்க" என்றாள்.

ஈஸ்வரி எழுந்து கை கழுவப் போனாள். லிப்ட் வாசலில் அது நாற்பதாயிற்று. அறைக்குள் நுழைந்ததும் கோவிந்தராசு கதவைச் சாத்திக்கொண்டு, "செத்த பொறு ஈஸ்வரி, இன்னும் எறங்குவாங்க" என்று மெய்சிலிர்த்துச் சொன்னார். அவள் நிஜமாகவே வேண்டாம் என்கிறாள் என்பதை அவருக்கு விளக்க வழி இல்லை. அவரோடு வாழ்ந்த காலமெல்லாம் அவள் வேண்டாம் என்ற எதையும் வாங்காமல் வீட்டுக்கு வந்ததில்லை.

காலைக் காபியின்போது முப்பது. விமான நிலையத்தில் பெட்டியை எடை போடும் வரிசையில், விஜயலட்சுமி கண் கலங்கி, பவுனே வேண்டாம், பெண்ணை மட்டும் கொடுங்கள் என்று வந்து நின்றாள். அதற்குக் கீழே இறங்க இடமில்லை என்று கோவிந்தராசுவுக்கே தெரிந்தது. இப்படி ஒரு விலை பூதலூர் சரித்திரத்தில் படிந்ததில்லை. முடித்துவிடு என்று மனைவியின் முழங்கையில் இடித்தார்.

ஈஸ்வரி விஜயலட்சுமியை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இல்லை. அவளுக்கே அதிர்ச்சியாக இருந்த ஒரு நிதானம்தான் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "நாங்க சும்மா பாக்கத்தான் வந்தோம்."

பெட்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வரிசைக்குப் போய் நின்றாள்.