முன்வரிசை இருக்கையும் ஒரு நீல நாற்காலியும்

வியாழக்கிழமை, காலை ஐந்து மணி. திருச்சி விமான நிலையம்.

முப்பத்தோரு வருடம் புதுக்கோட்டை–திருச்சி தடத்தில் அரசுப் பேருந்து நடத்துநராக இருந்தவன் நான். யார் எங்கே உட்காருவது என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லாத நாளே கிடையாது. சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்தவருக்கும் முண்டியடித்து ஏறி வந்தவருக்கும் நடக்கும் சண்டையை, விசிலை வாயிலிருந்து எடுக்காமலே தீர்த்து வைப்பேன். அப்பேர்ப்பட்டவன், அறுபத்து மூன்று வயதில், முதல் விமானப் பயணத்தில், ஒரே ஒரு இருக்கையை வைத்துக்கொண்டு முழித்தேன்.

மகள் கயல் நான்கு வருடங்களுக்கு முன் மலேசியாவின் ஈப்போ நகரத்துக்குக் கல்யாணமாகிப் போனாள். மாப்பிள்ளை தினேஷ்தான் எனக்கும் என் மனைவி மல்லிகாவுக்கும் டிக்கெட் எடுத்திருந்தார். மாமாவுக்குக் கால் நீளம் என்று, தன்னிடம் சேர்ந்திருந்த பயணப் புள்ளிகளைக் கொடுத்து எனக்கு மட்டும் முன்பக்க உயர்வகுப்பில் இடம் வாங்கிவிட்டார். எங்களோடு வந்தவர் மாப்பிள்ளையின் அம்மா, எங்கள் சம்பந்தியம்மா அஞ்சலை. ஈப்போவில் பள்ளிக்கூட கேன்டீன் நடத்தி ஓய்ந்தவர். பழனி, சமயபுரம் என்று கோயில் சுற்றிவிட்டு ஊர் திரும்புகிறார். அவருக்கும் மல்லிகாவுக்கும் பதினேழாவது வரிசை. எனக்கு இரண்டாவது வரிசை.

இங்கேதான் வில்லங்கம். கல்யாணத்தன்று முதல் பந்தியில் சம்பந்தியம்மாவுக்கென்று வைத்திருந்த நாற்காலியில் என் அண்ணன் உட்கார்ந்து சாப்பிட்டார். கல்யாண வீடியோ வந்த பிறகுதான் நான் அதைப் பார்த்தேன். வீடியோவின் கடைசியில் சம்பந்தியம்மா சமையல்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. கடல் தாண்டி வந்த மாப்பிள்ளை வீட்டம்மாவை அடுக்களையில் சாப்பிட வைத்த குடும்பமாகிவிட்டோம். அன்றிலிருந்து அண்ணனோடு பேச்சை நிறுத்திவிட்டேன். என்ன காரணம் என்றும் சொல்லவில்லை. சம்பந்தியம்மாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததுதான் எனக்குப் பெரிய உறுத்தலாக இருந்தது.

மறுபடியும் அவர் பின்னால், நான் முன்னால் என்றால் எப்படி?

காலை ஏழு மணி. விமானத்துக்குள்.

என் இடத்தில் மூன்று நிமிடம் உட்கார்ந்து பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, சொக்கிப்போனேன். காலை முழுசாக நீட்டினேன். முன் இருக்கை அப்பவும் எட்டவில்லை. எங்கள் பேருந்தில் அந்த இடத்தில் மூன்று பேரையும் ஒரு கோழிக்கூடையையும் ஏற்றியிருப்பேன். பிறகு எழுந்து, தமிழ் தெரிந்த பணிப்பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"மாத்திக்கலாம் சார். ஆனா கதவு சாத்துறதுக்குள்ள, ஒரே ஒரு தடவைதான். பாதி வழியில திரும்ப மாத்த முடியாது. சாப்பாடு சீட்டோட போகும், ஆளோட போகாது. பறக்கும்போது பின்னாடி இருக்கிறவங்க திரையைத் தாண்டி முன்னாடி வரக் கூடாது."

ஒரே மூச்சில் இவ்வளவு தெளிவாகச் சட்டம் சொல்லும் ஆளை நான் பணியில் இருந்தபோது பார்த்ததில்லை. பதினேழாவது வரிசைக்குப் போனேன்.

"சம்பந்தியம்மா, நீங்க முன்னாடி போங்க."

"வேணாம் லா அண்ணே. ஒங்க காலுக்குத்தானே தினேஷ் போட்டான். நான் அண்ணிகூட பேசிக்கிட்டு வாரேன்." பேச்சுக்குப் பேச்சு 'லா' ஒட்டுவது மலேசியாக்காரர்கள் வழக்கம்.

"அதெல்லாம் இல்ல. மரியாதைன்னு ஒண்ணு இருக்கு. எந்திரிங்க."

மூன்று முறை மறுத்தார். என் குரல்தான் ஊருக்கே தெரியுமே. விமானமே திரும்பிப் பார்த்தது. நடைபாதையில் எனக்குப் பின்னால் பெட்டிகளோடு பத்துப் பேர் நின்றார்கள். அவர்களுக்காகவே எழுந்து முன்னால் போனார். நான் மல்லிகாவுக்குப் பக்கத்தில், முழங்கால் தாடையைத் தொட, நான்கு வருடப் பாரத்தை இறக்கி வைத்தவனாக உட்கார்ந்தேன்.

"அவங்களைக் கேட்டீங்களா?" என்றாள் மல்லிகா.

"கேட்டேனே."

"சொன்னீங்க. கேக்கலை."

முன்னால் திரையை இழுத்துவிட்டார்கள். கீழே கடல் வந்தது. முழங்கால் வலி, மல்லிகாவின் பேச்சு எல்லாம் மறந்து சன்னலையே பார்த்தேன். இவ்வளவு தண்ணீரையும் தாண்டித்தான் என் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பகல் இரண்டு மணி (நம் நேரம் பதினொன்றரை). கோலாலம்பூர்.

முன்பக்கம் இருந்தவர்களை முதலில் இறக்கிவிட்டார்கள். சம்பந்தியம்மா வாசலில் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு துணிக் கைக்குட்டை மூட்டை. உள்ளே ஒரு ரொட்டி, விரல் அளவு வெண்ணெய், இரண்டு சாக்லெட்.

"ஒங்க சீட்டுக்கு வந்தது அண்ணே" என்று நீட்டினார்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. படுத்துக்கூட பாத்தேன். பேசத்தான் ஆளில்ல."

அவ்வளவுதான் சொன்னார். கணக்கு நேராகிவிட்ட முகம் அது இல்லை.

பிற்பகல் மூன்றரை மணி. ஈப்போ பேருந்து.

விமான நிலையத்திலிருந்தே ஈப்போவுக்குப் பேருந்து இருக்கிறது. இருநூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம், ஆளுக்கு ஐம்பத்திரண்டு ரிங்கிட். நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. படியேறியவன் அங்கேயே நின்றுவிட்டேன். ஒரு பக்கம் ஜோடி, ஒரு பக்கம் ஒற்றை என்று, உள்ளே இருந்ததெல்லாம் சாய்வு நாற்காலிகள்.

"மொத்தம் எத்தனை சீட்டு தம்பி?" என்று தமிழ் ஓட்டுநரைக் கேட்டேன்.

"இருபத்தேழு அண்ணே."

"நிக்கிறவங்க?"

"நிக்க வெச்சா போலீஸ் சம்மன் குடுத்துரும் லா. ஏன்?"

ஐம்பத்தைந்து பேர் உட்கார, அதே அளவு ஆள் தொங்கிக்கொண்டு வந்த என் பேருந்தைப் பற்றிச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

பெண்கள் இருவரும் ஜோடி இருக்கையில். நான் இந்தப் பக்கம் ஒற்றையில். மெத்தை அருமை, கால் நீட்ட இடம் தாராளம். ஆனால் அந்தப் பக்கம் இருவரும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பது என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. சிலிம் ரிவர் என்ற ஊர் தாண்டும்வரை எட்டி எட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். காலையில் நான்கு மணி நேரம் சம்பந்தியம்மா எப்படி வந்திருப்பார் என்று லேசாக விளங்க ஆரம்பித்தது.

தாப்பா, கோப்பேங் தாண்டி சிம்பாங் பூலாய் வரும்போது மாலை ஆறரை. மலைகள் வந்தன. நான் நார்த்தாமலையைப் பார்த்து வளர்ந்தவன். மலை என்றால் மொட்டைப் பாறை, படுத்துக் கிடக்கும். இங்கே சமதரையிலிருந்து நட்டுக்குத்தலாக எழுந்து நிற்கிறது. உச்சி முழுக்கக் காடு. சுண்ணாம்புக்கல்லுக்கு வெட்டிய இடம் மட்டும் வெள்ளை வெளேரென்று, மாலை வெயிலில் கண் கூசியது. ஒன்று முடிந்ததும் இன்னொன்று. இப்படியும் ஒரு மண் இருக்கிறதா என்று வாய்விட்டே சொன்னேன். இத்தனை வயதுக்குப் பிறகு கண் கலங்கியதை மல்லிகா பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வெள்ளி, சனி. ஈப்போ.

காலையில் இரண்டு தோசையும் இழுத்து ஆற்றிய ஒரு தேநீரும் ஏழு ரிங்கிட் அறுபது சென். மலையைக் குடைந்த குகைக்கோயிலுக்குக் கயல் கூட்டிப் போனாள். வெளியே தார் உருகும் வெயில். உள்ளே பாறை சொட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு சொட்டு உச்சந்தலையில் விழுந்தது. எத்தனை காலம் கல்லுக்குள் இருந்துவிட்டு என் தலைக்கு வந்ததோ என்று துடைக்காமல் நின்றேன்.

ஞாயிறு, காலை எட்டு மணி. சித்தியவான் சாலை.

சித்தியவானுக்கு அருகே, தான் பிறந்த ரப்பர்த் தோட்டத்துக் கோயில் திருவிழா என்று சம்பந்தியம்மா அழைத்தார். ஈப்போவிலிருந்து எண்பது கிலோமீட்டர் சொச்சம். போத்தாவில் பேராக் ஆற்றைத் தாண்டினோம். ஆற்றில் தண்ணீர் இருந்தது. இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. காவிரியில் மணலையே பார்த்துப் பழகியவனுக்கு இதன் அருமை தெரியும். தினேஷிடம் சொல்லி வண்டியை ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன்.

தோட்டத்தில் இப்போது ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் எண்ணெய்ப்பனை. தொழிலாளர் வீடுகளை இடித்து வருடங்கள் ஆகின்றன. ஒரு மாரியம்மன் கோயிலும் தகரக் கொட்டகையும்தான் மிச்சம். ஆனால் பனைகளுக்கு நடுவே கார்களாக நிற்கின்றன. ஜொகூரிலிருந்து, சிங்கப்பூரிலிருந்து, எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக வந்திருக்கிறார்கள். குடியிருக்க ஒருவரும் இல்லாத ஊருக்கு இத்தனை பேரா என்று மலைத்துப்போனேன்.

மதியம் அன்னதானம். நானூறு பேர் இருப்பார்கள். நீல பிளாஸ்டிக் நாற்காலி அறுபதுக்கு மேல் இராது. சாப்பிட்டு எழுந்த ஒருவர் கை கழுவப் போகவில்லை. எச்சில் கையை மடக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் நாற்காலியைப் பிடித்தபடி கூட்டத்தைப் பார்க்கிறார். சரிதான், துண்டு போடுகிற கோஷ்டி இங்கேயும் உண்டு, சொந்தக்காரனுக்கு இடம் பிடிக்கிறார் என்று நினைத்தேன். அவரோ, ஓரமாக ஒதுங்கி நின்ற வங்காளதேசத்துப் பனைத்தோட்டத் தொழிலாளியைப் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்து உட்கார வைத்தார். பிறகுதான் குழாய்க்குப் போனார். அடுத்த வரிசையில் ஒரு பெண்ணும் அப்படியே செய்தாள். கொட்டகை முழுக்க அதுதான் நடந்துகொண்டிருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. முப்பத்தோரு வருட நடத்துநர் நான். ஒலிபெருக்கி இல்லை, விசில் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை.

"இது என்ன பழக்கம் சம்பந்தியம்மா?"

"பழக்கம்னு என்ன லா. இங்க எப்பவும் ஆளு அதிகம், ஒக்கார எடம் கம்மி. சும்மா எந்திரிச்சா ஓடி வாரவன்தான் ஒக்காருவான். கூச்சப்பட்டவங்க நின்னுக்கிட்டே இருப்பாங்க. அதனால, ஒருத்தர ஒக்கார வெச்சாத்தான் நாம சாப்பிட்டு முடிச்ச மாதிரி."

இதைவிட்டால் நேரம் வாய்க்காது என்று சொல்லிவிட்டேன். "அன்னைக்குக் கல்யாணத்துல எங்க அண்ணன் உங்க இடத்துல உக்காந்துட்டாரு. மன்னிக்கணும்."

சம்பந்தியம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "அவரு எங்க ஒக்காந்தாரு? நாந்தான் ஒக்கார வெச்சேன். சக்கரை நோவு ஆளு, கையெல்லாம் நடுங்குச்சு. எந்திரிச்சு எடத்தக் குடுத்தேன்."

"அப்புறம்?"

"அப்பொறம் நின்னேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "யாராச்சும் எந்திரிக்கும்போது கூப்புடுவாங்கன்னு நின்னேன் அண்ணே. எல்லாரும் கை கழுவப் போயிட்டாங்க. அடுத்த பந்திக்குத் தபதபன்னு ஆளு வந்து ஒக்காந்துட்டாங்க. சமையல்காரங்கதான் கூப்புட்டாங்க. தங்கமான மனுசங்க."

அந்த முதல் பந்தியில் நானும் இருந்தேன். அவர் நின்ற இடத்துக்கு எதிரே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். இலையை விட்டு நிமிராமல் சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, எழுந்து கை கழுவப் போனவர்களில் ஒருவன் நான். பழியைத் தூக்கி அண்ணன் மேல் போட்டுவிட்டு நான்கு வருடம் உத்தமனாக உலாவியிருக்கிறேன்.

பதில் சொல்வதற்குள் முன்பின் தெரியாத ஒரு பெண்மணி என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது. எழுந்தபோது சம்பந்தியம்மா ரச வாளியோடு கடைசி வரிசையில் பரிமாறிக்கொண்டிருந்தார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேர் உட்கார வந்தார்கள்.

"ஆள் வருது" என்றேன்.

பேருந்தில் இந்த இரண்டு சொல்லைச் சொன்ன எத்தனை பேரை எழுப்பி விட்டிருக்கிறேன். கையில் குழம்பு காய்ந்து இறுகிவிட்டது. பத்து நிமிடம் கழித்து அவர் இந்தப் பக்கம் திரும்பினார். என் கையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார்.

"உக்கார்றீங்களா சம்பந்தியம்மா?" என்று கேட்டேன்.

வாளியைக் கீழே வைத்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வந்து உட்கார்ந்து, "நல்லா பசிக்குது அண்ணே" என்றார். இலை போட்டு, சோறு வந்த பிறகுதான் கை கழுவப் போனேன்.

அடுத்த வியாழன். திரும்பும் வழி.

முன்வகுப்புக்கு மறுபடியும் முயற்சி செய்யட்டுமா என்று தினேஷ் கேட்டார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் போதும் என்றேன். நான்கு மணி நேரமும் மல்லிகா பேசினாள், நான் கேட்டேன். விமானம் மேலே கிளம்பியதும் பணிப்பெண் இழுத்துவிட்ட திரையைப் பார்த்தேன். அந்தப் பக்கம் யாராவது தனியாக இருக்கிறார்களோ என்று தோன்றியது.

திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர். பேருந்தில் நின்றுகொண்டே வந்தோம். மல்லிகாவைப் பெட்டிகளோடு ஆட்டோவில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நான் அண்ணன் வீட்டுக்கு நடந்தேன். அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சம்பந்தியம்மா உங்களைக் கேட்டாங்க" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அன்னைக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சுடா. அந்தம்மாதான் கையைப் பிடிச்சு உட்கார வச்சாங்க. உன்கிட்டச் சொல்லணும்னு ரெண்டு தடவை வந்தேன். நீ முகத்தைத் திருப்பிக்கிட்ட."

நான் வாசலிலேயே நின்றேன். எச்சில் கையை மடக்கி வைத்துக்கொண்டு, இடது கையால் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருடா" என்றார் அண்ணன்.