காப்பி கலர் சத்தம்

மீன் விற்றுக் காலியான அலுமினியச் சருவத்தை முற்றத்தில் டமாரென்று கவிழ்ப்பாள் குளோரி. சும்மாட்டுத் துணியைச் சுருட்டித் தலைக்கு வைத்துச் சிமெண்டுத் தரையில் சாய்வாள். சாய்ந்த கையோடு குரல் கிளம்பும்.

"ஏட்டி அபினா, அந்தக் காப்பி கலரு சத்தத்தப் போடு. வெள்ளையப் போட்டன்னா போனத் தூக்கிக் கெணத்துல எறிஞ்சிருவேன், சொல்லிட்டேன்."

குளோரிக்கு மதியம்தான் ராத்திரி. விடியுமுன் ஏலத்துக்குப் போய், மீன் எடுத்து, இராஜாக்கமங்கலம் சுற்று வட்டாரமெல்லாம் நடந்து விற்றுத் திரும்பினால் உச்சிவெயில் வந்துவிடும். அப்போது கண்ணை மூடவில்லையென்றால் மறுநாள் உடம்பு சொன்னபடி கேட்காது. போன மாதம் பஸ் படியிலேயே தூங்கி விழுந்தாள். மணிக்கட்டு பிசகியது, சாளை மீன் ரோடெல்லாம் சிதறியது. கண்டக்டர் விசில் அடித்துக்கொண்டு போய்விட்டான். அவனை இன்றுவரை திட்டி முடிந்தபாடில்லை.

உறக்கம் வராததற்குக் காரணம் கேட்டால் வீட்டைக் காட்டுவாள். கடல் ஏறி வந்த வருடத்துக்குப் பிறகு, கரை ஆபத்து என்று சொல்லி சர்க்கார் அவள் மனையை எழுதி வாங்கிக்கொண்டு, உள்ளே தள்ளி ஒரு காலனியில் கொடுத்த வீடு. குறை சொல்ல ஒன்றுமில்லை. டைல்ஸ் உண்டு, ஃபேன் உண்டு. கடல்தான் இல்லை. பிறந்ததிலிருந்து அலைச் சத்தத்திலேயே உறங்கிய காதுக்கு இந்த அமைதி பெரிய தொந்தரவு.

"வீட்டத் தந்தானுவ, எனக்க ஒறக்கத்தப் பிடுங்கிட்டானுவ. சவத்து வீடு!"

குவைத்தில் நர்சாக இருக்கும் மகள் அபினா இந்த முறை லீவில் வந்தபோது அம்மைக்கென்று ஒரு போன் வாங்கி வந்தாள். அதில் விதவிதமான இரைச்சல்களை ஏற்றியிருந்தாள். இரவு டியூட்டி முடித்துப் பகலில் உறங்குகிற நர்சுகள் எல்லாம் இதைத்தான் போட்டுக்கொள்கிறார்களாம். சத்தத்துக்கு நிறம் உண்டாம். வெள்ளைச் சத்தம், பரீட்சைக்குப் படிக்க. ரோஸ் சத்தம், மனது லேசாக. காப்பி நிறம், ஆழ்ந்து உறங்க.

"சத்தத்துக்கு நெறமா? கோட்டிக்காரி! அப்ப நாறுத மீனுக்கு என்ன பாட்டுட்டி?" என்று கத்தினாள் குளோரி. கத்திவிட்டு மூன்றையும் கேட்டும் பார்த்தாள்.

வெள்ளை, ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி இரைந்தது. அடித்து உடைக்கத் தோன்றியதாம். ரோஸ், ஓலைமேல் பெய்கிற மழை. அது கேட்டால் கருவாடு காய வைத்தது ஞாபகம் வந்து எழுந்து ஓடச் சொல்கிறது. ஆனாலும் பக்கத்து வீட்டு நேசபாயோடு சண்டை முற்றும்போது மட்டும் ரோஸை முழுச் சத்தத்தில் வைத்துவிடுவாள். நேசபாய் தொண்டை வறண்டு உள்ளே போய்விடுவாள். காப்பி நிறம்தான் கொஞ்சம் தேவலை. தூரத்தில் மேடேறுகிற குலசேகரம் பஸ்ஸின் உறுமல். அரை மணி நேரம் கண் சொருகும், அவ்வளவுதான்.

"அம்மா, இதுல கடலே உண்டும்" என்று அபினா ஒருநாள் வேறொன்றைப் போட்டாள்.

அலை வந்தது, போனது. குளோரி திரும்பிப் படுத்தாள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வாய் பிளந்து குறட்டை விட்டு உறங்கினாள். அபினா கதவைச் சாத்திவிட்டு மீன்குழம்பை இறக்கி வைத்தாள்.

அந்தப் பதிவு ஓடி முடிந்து மறுபடி தொடங்குமுன் ஒரு மூச்சு நேரம் நின்றது. எந்தச் சத்தமும் இல்லை. குளோரி துள்ளி எழுந்தாள். "ஓடுங்கட்டி! கடலு நின்னுட்டு!" மகளின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். எதிரே வந்த நேசபாயையும் மறு கையில் பிடித்துக்கொண்டு, பழைய பகையெல்லாம் மறந்து, மேட்டு ரோட்டைப் பார்த்து ஓடினாள்.

காலனியே சிரித்தது. சிரிக்காதவள் அபினா ஒருத்திதான். கடல் ஏறி வந்த அந்த வருடம், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கடல் பின்வாங்கிச் சத்தம் அடங்கியபோது, அம்மை இப்படித்தான் அவள் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். தரையில் மீன் துள்ளுகிறது என்று எதிர்ப்பக்கம் ஓடிய அப்பா மரியான் திரும்பவில்லை.

"சிரிங்கலே, நல்லா சிரிங்க! நின்னு போற கடல எவம்லே கண்டுபிடிச்சான்? அவன் மட்டும் எனக்க கையில கெடைக்கட்டு!"

மறுநாள், பழைய கரையில் எழும்பியிருக்கும் ஹோட்டலின் பின்வாசலில் நெய்மீன் கொடுக்கப் போனாள். குளோரிக்கு ஆபத்தான அதே கரைதான். காசு கொடுத்துத் தங்குகிறவர்களுக்கு அங்கே ஒரு ஆபத்தும் கிடையாது போலிருக்கிறது! உள்ளேயிருந்து அலைச் சத்தம் கேட்டது. அதே அலை. நடுவில் அதே மூச்சு நேர நிறுத்தம். குளோரி மீனை நீட்டியபடியே உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"ரூமெல்லாம் ஏசியாக்கும், கண்ணாடிய அடச்சிருப்போம். வெளிச் சத்தம் கேக்காது. அதான் ஸ்பீக்கர்ல கடலப் போடுகோம், ஒறங்கதுக்கு" என்றார் சமையல்காரர் சத்தியராஜ்.

குளோரி சருவத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கடல் பக்க மதிலுக்கு நடந்தாள். புல் வளர்த்திருக்கும் அந்த மூலையில்தான் அவள் அடுக்களை இருந்தது. சருவத்தைப் புல்லின்மேல் கவிழ்த்தாள். வாட்ச்மேன் இசக்கி பதறி ஓடி வந்தான்.

"யக்கா, எந்திரிங்க! மேனேஜர் கண்டா எனக்க வேலை போயிரும்."

குளோரி இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். அலைச் சத்தத்தைப் போட்டு அவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள்.

"இந்தா, எனக்குத் தந்த கடலு. இதக் கொண்டு மேனேஜருட்ட குடு. நாங் கொஞ்சம் ஒறங்கட்டு."

சும்மாட்டைத் தலைக்கு வைத்து, ஹோட்டலுக்கு முதுகைக் காட்டி, கடல் பக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.