சப்பிய நெருப்புப்பெட்டி

நான் குளித்துவிட்டு வந்தபோது மகன் சாமியறை வாசலில் குந்தியிருந்து நெருப்புப்பெட்டியைச் சப்பிக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்குப் பதினான்கு மாதம். விளக்கேற்றிய பிறகு பெட்டியை மேலே வைத்தேனா, கீழேயே விட்டேனா? இன்றுவரை சரியாக நினைவில்லை. அவன் வாய்க்குள் விரலை விட்டுத் துடைத்தேன். குச்சிகள் எல்லாம் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. குச்சியை உரசும் கபிலநிறப் பட்டைதான் ஒரு பக்கத்தில் இல்லை.

அந்தப் பட்டையில் பொசுபரசு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்தவள் நான். வெள்ளைப் பொசுபரசு காற்றுப் பட்டாலே தீப்பற்றும், அதனால் தண்ணீருக்குள் வைப்பார்கள், கொடிய நஞ்சு. சிவப்பு அப்படியில்லை. பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆனால் பெட்டியில் பூசுவது எது? சிவப்பு என்றுதான் மனம் சொன்னது. மனம் பிழையாகச் சொன்னால்?

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. வெள்ளை தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். பாலில் கொழுப்பு இருக்கிறது.

ஓட்டோவில் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவன் என் சட்டையை இழுத்து இழுத்து அழுதான். போத்தல் தண்ணீரைக் கொடுத்தேன். தட்டிவிட்டான்.

"பிள்ளை பாலுக்கெல்லோ அழுகுது," என்றார் கூட வந்த மாமி, என் கணவரின் தாய்.

"வேண்டாம் மாமி. பாலோடை சேர்ந்தால் நஞ்சு கெதியா உடம்பிலை ஏறும்."

"உந்தப் படிப்பெல்லாம் பிள்ளையைப் பட்டினி போடத்தானோ படிச்சனி?"

வெங்காயத்துக்குப் போடும் உரத்திலும், இவனுக்கு முளைத்துவரும் பல்லிலும் இருப்பது அதே பொசுபரசுதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர் அவன் வாயையும் வயிற்றையும் பார்த்தார். நான் கையோடு கொண்டுபோன பெட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"இது சிவப்பு, அம்மா. உடம்பிலை சேராது, அப்பிடியே வெளியிலை போயிடும். வெள்ளையிலை நெருப்புப்பெட்டி செய்யிறதை எப்பவோ நிப்பாட்டிட்டாங்கள்."

"பால்?"

"தாராளமாக் குடுங்கோ. ஏன், குடுக்கேல்லையோ?"

மாமி என்னைப் பார்க்கவில்லை. மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

வெளியே கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். குடித்தபடியே விம்மினான். மாமி சேலைத் தலைப்பால் எங்களை மறைத்துப் பிடித்தார். டொக்டர் அந்தப் பட்டையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாரா? ஒரு பக்கம் முழுவதும் போய்விட்டது என்று நான் சொன்னேனா?

"மாமி, இன்னொருக்கால் கேட்டிட்டு வரட்டோ?"

"முதல் மற்றப் பக்கம் மாத்திப் பால் குடு பிள்ளை. பிறகு போய்க் கேள்."